குமரியில் கல்லூரி சார்ந்த பொது சுகாதார மையம்: களப்பணியைத் தொடங்கும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்லூரியையோ பல்கலைக்கழகத்தையோ சார்ந்து பொது சுகாதார மையம் நடத்த முனைவோர், மாவட்டச் சராசரியை முதலில் ஒதுக்கி வைக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலிடம் பெற்ற மாவட்டம் இது. நெய்யூரில் 19ஆம் நூற்றாண்டிலேயே மிஷன் மருத்துவமனை இருந்தது, ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இந்தப் பெருமைகளுக்குப் பின்னால்தான் காணிக்காரர் என்ற மலைவாழ் பழங்குடியினரின் குடியிருப்புகளும் கடற்கரை ஊர்களும் ரப்பர் பால்வெட்டும் தொழிலாளர்களும் அண்டி ஆபீஸ் எனப்படும் முந்திரித் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களும் கண்ணில் படாமல் போகிறார்கள்.

ஆகவே முதல் ஆண்டில் மாவட்டம் முழுவதையும் ஆய்வு செய்யும் ஆசையை விட்டுவிட்டு, ஒரே ஒரு பிரிவினரைத் தேர்ந்தெடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையம் சமவெளியில் 30,000 பேருக்கும் மலைப்பகுதியில் 20,000 பேருக்கும் ஒன்று என்பது விதி. பேச்சிப்பாறை அணைக்கு அப்பால் படகில் மட்டுமே போய்வர முடிகிற குடியிருப்பின் சிரமம் அந்த அளவுகோலில் தெரியாது. மலைக்குச் செல்வதானால் வனத்துறையின் அனுமதியையும் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

ஆய்வில் பங்கேற்போருக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ளும் நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு வீட்டுக் கதவையும் தட்டக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி அக்குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும். தலைவர் நிறுவனத்துக்கு வெளியே இருந்து வர வேண்டும். கடற்கரை ஊர்களில் பங்குத்தந்தையிடமும் அன்பியம் எனப்படும் சிறு கிறிஸ்தவக் குழுக்களின் கூட்டங்களிலும் சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது என்றாலும், அவர்கள் தரும் அனுமதி தனி ஒருவரின் சம்மதத்துக்கு ஈடாகாது. படிவத்தை ஒவ்வொருவருக்கும் வாசித்துக் காட்டியே கையொப்பம் பெற வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயலில் ஆளை இழந்த வீடுகளில் மனநலம் பற்றிக் கேட்பதாக இருந்தால், பயிற்சி பெற்ற ஆலோசகர் உடன் வராமல் கேட்கவே வேண்டாம்.

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது கேள்விகளில்தான். அண்டி ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்ணிடம் 'உடம்புக்கு ஏதாவது உண்டா?' என்று கேட்டால், 'ஒன்றும் இல்லை' என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். வறுத்த அண்டியை (முந்திரிக்கொட்டையை) உடைக்கும்போது ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் விரலைப் புண்ணாக்கிவிடுவதால், 'கையைக் காட்டுங்கள், இது எப்போது பட்டது, எதைத் தடவினீர்கள்?' என்று தொடங்குவதே சரி. அடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போன அன்று எவ்வளவு கூலி போயிற்று, ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) அட்டையைக் கடைசியாக எப்போது பயன்படுத்தினார், வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறாரா, கழிப்பறைக்குப் போக முடிகிறதா என்று வரிசையாகக் கேட்கலாம். எடைக்குக் கூலி பெறுபவருக்கு எழுந்து போகும் ஒவ்வொரு நிமிடமும் நட்டம் என்பதை விளங்கிக்கொண்ட மாணவர்தான் கடைசி இரு கேள்விகளின் பதிலைச் சரியாகக் குறித்து வருவார். வீட்டுக்கே வந்து மருத்துவம் பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. பகலில் ஊழியர் வீட்டுக்கு வரும்போது இப்பெண்கள் ஆபீஸில் இருப்பார்கள். பின்னர் அத்திட்டம் பணியிடங்களுக்கும் விரிவாக்கப்பட்டிருப்பதால், எந்த ஆபீஸுக்கு வந்தார்கள், எதற்கு வரவில்லை என்ற பட்டியலே பயனுள்ள ஆய்வாகிவிடும்.

பேட்டிக்கான நேரத்தைத் தொழிலே தீர்மானிக்கட்டும். பால்வெட்டுபவர் விடியலுக்கு முன்பே தோட்டத்துக்குப் போய்விடுவார். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர் பல வாரங்கள் கழித்தே கரை திரும்புவார்.

கிடைத்த விவரங்களை இடம், தொழில், சாதி, பாலினம் வாரியாகப் பிரித்த பிறகுதான் ஏற்றத்தாழ்வு புலப்படும். ஆனால் சிலரே வேலை செய்யும் ஆபீஸின் விவரத்தைத் தனியாக அச்சிட்டால், சொன்னவர் யார் என்று முதலாளிக்குத் தெரிந்துவிடும். அதைப் பிறவற்றோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். அறிக்கையை வெளியிடுவதற்கு முன் தகவல் தந்தவர்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டித் திருத்தம் கேட்பது பெரும்பாலோர் தவிர்க்கும் வேலை. என்னைக் கேட்டால், இதைச் செய்யாத அறிக்கையை ஏற்கவே கூடாது.

ஊராட்சிகளில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடுகிறது. அண்டி ஆபீஸ் பெண்களே அங்கே எழுந்து பேச, மையத்தினர் விவரத்தாளோடு அருகில் நின்றால் போதும். பேரூராட்சிகள் மிகுந்த இம்மாவட்டத்தில் பல இடங்களுக்குக் கிராம சபை கிடையாது என்பதால், அங்கே வார்டு உறுப்பினர் வழியாகவும், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை மட்டும் எழுதி, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்து, ஆறு மாதம் கழித்து அதே பெண்களிடம் அதே கேள்விகளோடு திரும்பச் செல்லுங்கள்.