வெறும் என்டர் தட்டினால் என்ன ஆகும்? ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் கல்லூரி முடித்த பிள்ளைகள் பலர் கடைகளுக்குச் சின்னச் சின்ன ஸ்கிரிப்ட் (கணினிக்கான கட்டளைத் தொகுப்பு) எழுதித் தருகிறார்கள். சரிபார்க்க என்னிடம் கொண்டுவரும்போது பார்க்கிறேன்: பயனர் எதையும் தட்டாமல் என்டர் மட்டும் அழுத்துவார் என்று யாருமே நினைப்பதில்லை. எழுத்துப்பிழை, விட்டுப்போன அடைப்புக்குறி எல்லாம் கணினியே காட்டிக்கொடுத்துவிடும். அவை இங்கே வேண்டாம்.

பழைய விடையே புதிய விடையாவது

விண்டோஸில் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் பேட்ச் கோப்பில் 'செட் /பி' கொடுத்துக் கேள்வி கேட்கிறோம். பயனர் வெறும் என்டர் தட்டினால், விடையை வைத்திருக்கும் வேரியபிள் காலியாகாது. முன்பு அதில் என்ன இருந்ததோ அதுவே இருக்கும். திரும்பத் திரும்பக் கேட்கும் சுற்றுக்குள் இது நடந்தால் போன சுற்றின் விடை இந்தச் சுற்றுக்கும் பதிவாகும். பிழைச் செய்தி எதுவும் வராது. லினக்ஸில் ஸ்கிரிப்ட் எழுதும் பாஷில், விடை வாங்கும் 'ரீட்' அப்படியில்லை, காலியாக்கிவிடும். அதனால் லினக்ஸில் பழகி வந்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

லாங்கு பஜாரில் ஒரு மண்டியில் மூட்டை வரவு எழுத இப்படி ஒரு கோப்பு ஓடியது. எடை போடாத மூட்டைக்கு, அப்புறம் பார்க்கலாம் என்று கணக்குப்பிள்ளை என்டர் தட்டியிருக்கிறார். துவரம்பருப்பு மூட்டையின் எடை மிளகாய் மூட்டைக்கும் ஏறிவிட்டது. பட்டியலில் எல்லா வரியும் நிரம்பியிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இருப்பை நிறுத்துப் பார்த்தபோதுதான் உதைத்தது. பழி முதலில் விழுந்தது கணக்குப்பிள்ளை மேல். இன்னொருவர் எழுதிய ஸ்கிரிப்டின் குற்றத்துக்கு நேர்மையான மனிதர் பேச்சு வாங்கினார். எனக்கு இன்றும் ஆறவில்லை.

செய்ய வேண்டியது ஒரே வரி. ஒவ்வொரு முறை கேட்பதற்கு முன்பும், சமன் குறிக்குப் பின் ஒன்றும் எழுதாமல் 'செட்' கொடுத்து வேரியபிளை அழியுங்கள். கேட்ட பின் 'இஃப் நாட் டிஃபைன்ட்' போட்டுப் பாருங்கள். காலி என்றால் மறுபடி கேட்கட்டும். அழிக்கும் வரி சுற்றுக்கு வெளியே இருந்தால் பயனில்லை, உள்ளேதான் இருக்க வேண்டும்.

மேற்கோள்குறி இல்லாத ஒப்பீடு

காலி வேரியபிளை 'இஃப்' வரியில் அப்படியே வைத்தால் பேட்ச் கோப்பு அந்த இடத்திலேயே நின்றுவிடும். இருமுறை கிளிக் செய்து திறந்திருந்தால் சாளரமும் மூடிவிடும், காரணத்தைப் படிக்கக்கூட முடியாது. இரண்டு பக்கமும் இரட்டை மேற்கோள் போடுங்கள்.

ஸ்பேஸ் மட்டும் தட்டுவது

பைத்தான் மொழியில், முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை வெட்டும் 'ஸ்ட்ரிப்' செய்த பிறகே காலியா என்று பாருங்கள்.

உள்ளீடு தீர்ந்ததைக் காலி விடை என்று எண்ணுவது

கோப்பிலிருந்து உள்ளீடு கொடுத்து பாஷ் ஸ்கிரிப்டை ஓட்டும்போது, காலி என்றால் மறுபடி கேள் என்று மட்டும் எழுதியிருந்தால், கோப்பு தீர்ந்த பின் சுற்று நிற்கவே நிற்காது. உள்ளீடு தீர்ந்தால் 'ரீட்' தோல்வி என்று திருப்பிச் சொல்லும். அதையே, சுற்றை நடத்தும் 'வைல்' வரியின் நிபந்தனையாக வையுங்கள்.

கோப்பை நீக்கும் கட்டளைக்குக் காலி விடையைக் கொடுப்பது

கூடவே கூடாது. பாஷில் வேரியபிள் பெயருக்குப் பின், நெளி அடைப்புக்குள், கோலனும் கேள்விக்குறியும் சேர்த்தால் காலியானதுமே ஸ்கிரிப்ட் நின்றுவிடும்.