குட்டி நீர்மூழ்கியின் ஷாஃப்ட்டில் தண்ணீர் புகாமல் சீல் போடுவது

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்து வாட்டர் பம்புகளைப் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதனால்தானோ என்னவோ, பிவிசி பைப்பில் நீர்மூழ்கி செய்யும் பையன்கள் எல்லாம் என்னிடம் வந்து நிற்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே தொல்லை: விசிறியைச் சுற்றும் தண்டு, அதாவது ஷாஃப்ட், வழியாக உள்ளே தண்ணீர்.

பம்பில் போடும் கிளாண்ட் பேக்கிங், அதாவது ஷாஃப்ட்டைச் சுற்றித் திணித்து இறுக்கும் கயிறு, இதற்கு ஆகாது. அது சொட்டுச் சொட்டாக ஒழுக வேண்டும்; அந்த ஒழுக்குதான் அதைச் சூடேறாமல் காக்கிறது. ஒழுகாத அளவுக்கு முறுக்கினால் ஷாஃப்ட்டையே தின்றுவிடும். ஆகவே ஆயில் சீல் போடுங்கள்; ஷாஃப்ட்டை மெல்லிய உதட்டால் கவ்விப் பிடிக்கும் ரப்பர் வளையம் அது.

பயந்து எதையும் இறுக்க வேண்டாம். 10 மீட்டர் ஆழத்தில்தான் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். 3 மீட்டரில், 4 மி.மீ. ஷாஃப்ட்டைத் தண்ணீர் உள்ளே தள்ளும் பலம் 40 கிராம்கூட வராது. சீல் இறுகினால் பேட்டரிதான் சீக்கிரம் காலியாகும்.

ஷாஃப்ட் எவர்சில்வராக இருக்கட்டும். சீல் உட்காரும் இடத்தை 1000, அப்புறம் 2000 நம்பர் தண்ணீர்க் காகிதத்தால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்து, நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் எங்காவது தடுக்கினால் அங்கே ஒழுகும். ஷாஃப்ட் ஓடும் பித்தளைக் குழாயின் இரு முனையிலும் அதைத் தாங்கும் வெண்கல வளையம், அதாவது புஷ். வெளிமுனையில் இரண்டு நைட்ரைல் ரப்பர் சீல், நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டு. இரண்டின் உதடும், அதாவது ஸ்பிரிங் தெரியும் பக்கம், வெளியே தண்ணீரைப் பார்க்க வேண்டும். இடைவெளியில் கிரீஸ் அடையுங்கள். மிஞ்சினது வெளிப்பக்கமாகத்தான் பிதுங்கும், மோட்டார் பக்கம் வராது. மாட்டும்போது ஷாஃப்ட் முனையின் மரையில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உதடு கிழிந்துவிடும்.

சீல் போவதற்குப் பாதிக் காரணம் கோணல்தான். மோட்டார், ஷாஃப்ட், இரண்டையும் இணைக்க இடையில் ஒரு துண்டு பெட்ரோல் ஹோஸ், எல்லாவற்றையும் மாட்டிக் கையால் சுற்றுங்கள். லேசாகச் சுற்றும் இடத்தைக் குழாயே கண்டுபிடித்துக்கொள்ளும். அப்படியே எபாக்ஸி வைத்து ஒட்டிவிடுங்கள்.

இனி சோதனை. பலரும் சைக்கிள் பம்பால் உள்ளேயிருந்து காற்றடித்து, குமிழி வந்தால் சீல் போச்சு என்கிறார்கள். அது தப்பு. உதடு வெளியே பார்ப்பதால் உள்காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகத்தான் செய்யும்; நல்ல சீலும் குமிழி விடும். வெளியிலிருந்துதான் அழுத்த வேண்டும். விசிறியைக் கழற்றிவிட்டு, குழாயின் வெளிமுனையில் தோட்ட ஹோஸைச் செருகிக் கிளிப் போடுங்கள். மறுமுனையை ரம்புத்தான் மரத்தில் 3 மீட்டர் உயரத்தில் கட்டித் தண்ணீர் நிரப்புங்கள். 3 மீட்டர் ஆழத்தில் என்ன அழுத்தமோ அதுவேதான் இங்கும் கிடைக்கும். உள்முனைக்குக் கீழே டிஷ்யூ விரித்து, அரைமணி நேரம் சும்மா விடுங்கள்; பிறகு மோட்டாரை ஓடவிட்டு இன்னொரு அரைமணி. நிற்கும்போது ஒழுகாத சீல் சுற்றும்போது ஒழுகலாம், அதனால் இரண்டும் வேண்டும்.

டிஷ்யூ நனையவில்லையா, சரி, குட்டையில் விடலாம். கிந்தாப் பக்கத்து ஈயக்குட்டைகளில் (பழைய ஈயச் சுரங்கம் தோண்டிய குளங்கள்) அறுந்த தூண்டில் நரம்பு ஏராளம். விசிறியில் சுற்றினால் நேராகச் சீல் உதட்டுக்குள் புகுந்து அறுத்துவிடும். கரைக்கு வந்ததும் முதலில் அங்கே பாருங்கள். நாளடைவில் ஷாஃப்ட்டில் கோடு விழுந்தால் புது ஷாஃப்ட் வாங்க வேண்டாம், இரண்டு மி.மீ. தள்ளி உட்காருகிற மாதிரி சீலை மாற்றிப் போடுங்கள்.