தூண்டில் ஈயக்குண்டுக்கு நாமளே அச்சு டிசைன் பண்றது எப்படி

நமக்கு வேணும்கிற வெயிட்ல, வேணும்கிற ஷேப்புல ஈயக்குண்டு கிடைக்கலைன்னா அச்சை நாமளே செஞ்சுக்கலாம், பெரிய வித்தையெல்லாம் இல்ல. ஆனா முக்கால்வாசிப் பேர் குண்டோட ஷேப்பை மட்டும் அழகா வரைஞ்சுட்டு, ஈயம் எந்தப் பக்கமா உள்ள போகும், காத்து எப்படி வெளிய வரும், ஆறினதும் குண்டு கழண்டு வருமா இல்லையாங்கிறதைக் கடைசியில யோசிக்கிறாங்க. முதல்ல யோசிக்க வேண்டியதே அதுதான்.

வெயிட் கணக்கு சுலபம். ஈயம் ஒரு கன செ.மீ.க்கு 11.34 கிராம், அப்போ 100 கிராம் குண்டுக்கு 8.8 கன செ.மீ. குழி வேணும். உருண்டைன்னா விட்டம் 25.6 மி.மீ. கோணல்மாணலான ஷேப்புன்னா மெழுகுல ஒரு மாடல் செதுக்கி, அளவு ஜாடித் தண்ணியில ஊசியால அமுக்கிப் பாருங்க, தண்ணி எத்தனை மி.லி. ஏறுதோ அதை 11.34-ஆல பெருக்கினா வெயிட் வந்துடும்.

அச்சுக்கு அலுமினியம் பிளாக்தான் என்னோட சாய்ஸ். ஈயம் 327 டிகிரியில உருகும், அலுமினியம் 660 வரைக்கும் தாங்கும், மில்லிங் பண்றதும் ஈஸி. 3டி பிரிண்ட் பண்ண சாதா பிளாஸ்டிக்ல நேரா ஊத்தலாமான்னு கேக்காதீங்க, இளகிப் போயிடும்.

அச்சோட ரெண்டு பாதியும் சேர்ற கோடு குண்டோட அகலமான இடத்துல வரணும், அதைத் தாண்டி உள்பக்கம் வளைஞ்சிருந்தா குண்டு மாட்டிக்கும். செங்குத்தான சுவர் இருந்தா 2-3 டிகிரி சாய்வு கொடுங்க. செக் பண்ண களிமண்ணை ஒவ்வொரு பாதிக்குள்ளயும் அமுக்கி எடுங்க, ஓரம் இழுபடாம வந்தா ஈயமும் வரும். டோவல் பின் (ரெண்டு பாதியும் நகராம பொருந்த வைக்கிற சின்னக் கம்பி) ரெண்டையும் ஒரே மாதிரி எதிரெதிரா வைக்காம கொஞ்சம் தள்ளி வச்சா, அவசரத்துல அச்சைத் திருப்பி மூட முடியாது.

இப்போ ஊத்துற வாய். ஈயம் உறையும்போது மூணு, நாலு சதவீதம் சுருங்கும், அந்தப் பள்ளத்தை நிரப்ப மேல இருந்து ஈயம் இறங்கிட்டே இருக்கணும், அதனால வாய் எப்பவும் தடிச்ச பக்கத்துலதான். பேரிக்காய் ஷேப்புன்னா அச்சுக்குள்ள அதைத் தலைகீழா நிறுத்துங்க, தடிச்ச பக்கம் மேல, ஸ்டீல் கம்பி வளையம் வர்ற கூர்முனை கீழ. வாயைப் புனல் மாதிரி நல்லா அகலமா வைங்க, சின்னதா வச்சா குண்டு உறையறதுக்கு முன்னாடி அது உறைஞ்சு அடைச்சுக்கும், அப்புறம் குண்டுல ஓட்டைதான் மிஞ்சும். காத்து போக மூலைகள்ல இருந்து வெளிப்பக்கம் வரைக்கும் ஊசியால கீறின அளவுக்குக் கோடு போதும், ரொம்ப ஆழமா போனா ஈயமே அந்த வழியா ஒழுகும்.

ஊத்துறதுக்கு முன்னாடி அச்சை நல்லா சூடு பண்ணுங்க, இதை மட்டும் விட்டுடாதீங்க. உள்ள துளி ஈரம் இருந்தாலும் சட்டுன்னு ஆவியாகி ஈயம் மூஞ்சில தெறிக்கும். கண்ணாடி, தடிச்ச கையுறை, முழுக்கை சட்டை, வெளிக்காத்து இருக்கிற இடம், இதெல்லாம் இல்லாம அடுப்பே பத்த வைக்காதீங்க, சமையல் பாத்திரத்தை இதுக்கு எடுக்கவே எடுக்காதீங்க, முடிச்சதும் சோப்பு போட்டுக் கை கழுவுங்க. குண்டு சுருக்கம் சுருக்கமா வந்தா அச்சு ஆறியிருக்குன்னு அர்த்தம், பனி படிஞ்ச மாதிரி மங்கலா இருந்தா சூடு ஜாஸ்தி. குழிக்குள்ள மெழுகுவர்த்திப் புகைக்கரி லேசா படிய வச்சா ஈயம் நல்லா ஓடும், குண்டும் ஒட்டாம வரும்.

குழியை முதல்ல கொஞ்சம் சின்னதாவே வெட்டுங்க, வார்த்த குண்டைத் தராசுல போட்டுப் பாத்துட்டு பத்தலைன்னா இன்னும் கொஞ்சம் சுரண்டிக்கலாம், பெருசா வெட்டிட்டா புது பிளாக்தான் எடுக்கணும்.