வண்டி ரேடியோ: மைக்கை அழுத்தும் முன் திரையைப் பாருங்கள்

மைக்கை அழுத்திப் பேசும் இருவழி ரேடியோவைப் பொருத்திவிட்டு, "ரேடியோவில் சத்தமே வரவில்லை" என்று வண்டியோடு கடைக்கு வருகிறவர்களில் பலருக்கு ரேடியோ பழுதாகியே இருக்காது. திரையில் எரியக்கூடாத ஒரு சின்ன எழுத்து எரிந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான். பினாங்கில் லோரி, வேன், சொந்தக் கார் என்று எதில் பொருத்தியிருந்தாலும் தவறுகள் ஏறக்குறைய இவைதாம்.

முதலில் ஸ்குவெல்ச். யாரும் பேசாதபோது வரும் இரைச்சலை அடைக்கும் குமிழ் அது. இரைச்சல் பிடிக்காமல் பலர் அதைக் கடைசிவரை திருகிவிடுகிறார்கள். ஜோர்ஜ்டவுனுக்குள் ஒன்றும் தெரியாது. பாலிக் புலாவ் பக்கம் போனதும், நடுவில் மலை மறைப்பதால் மெலிந்து வரும் சிக்னலையும் அது அடைத்துவிடும். கூப்பிட ஆளே இல்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். குமிழை முழுக்கத் திறந்து, இரைச்சல் நிற்கும் இடம்வரை மெதுவாகத் திருப்பி, அங்கேயே விட்டுவிடுங்கள்.

குழப்பம் அதிகம் டோனில்தான். பேச்சோடு சேர்ந்து போகும் தாழ்ந்த ஒலி அது, பொதுவாக 67.0 முதல் 254.1 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். ரேடியோ வடிகட்டிவிடுவதால் நம் காதில் விழாது. டோன் வைத்த ரேடியோ, அதே டோனோடு வரும் பேச்சுக்கு மட்டுமே ஸ்பீக்கரைத் திறக்கும். டோன் வைத்தால் பேச்சு ரகசியமாகிவிடும் என்று நம்புவது தவறு. அதே சேனலில் டோன் வைக்காமல் இருக்கும் எவருக்கும் நீங்கள் பேசுவது கேட்கும். அவர்கள் பேசுவதுதான் உங்களுக்குக் கேட்காது. அதனால் அடுத்தவர் பேசிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே பேசிவிடுகிறோம். ஸ்பீக்கர் அமைதியாக இருந்தாலும் சேனலில் யாராவது பேசினால் பெரும்பாலான ரேடியோக்களில் பிஸி விளக்கு எரியும். அது அணைந்திருந்தால்தான் பேச வேண்டும். சந்தேகமா, டோனைப் பார்க்காமல் ஸ்பீக்கரைத் திறந்துவிடும் மானிட்டர் பொத்தானை அழுத்திக் கேட்டுவிடுங்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்கள் இதை அவசியம் பழகிக்கொள்ள வேண்டும் என்பேன்.

இரண்டு அலைவரிசைகளை ஒன்றாகக் காட்டும் திரையில் இன்னொரு சிக்கல். கீழ் வரிசையில் நண்பர் கூப்பிடுவார். நீங்கள் பேசுவது எந்த வரிசையில் போகும் என்று காட்டும் மெயின் அடையாளம் மேல் வரிசையில் இருக்கும். மைக்கை அழுத்தினால் பதில் மேல் வரிசையில் போய்விடும், அவருக்குக் கேட்காது. மெயினை மாற்றிவிட்டுப் பேசுங்கள். முழங்கை பட்டுச் சேனல் மாறாமலிருக்க லாக் போட்டுக்கொள்வது நல்லது. ஆனால் அந்தப் பூட்டுப் படத்தை மறந்துவிட்டு, பொத்தான் வேலை செய்யவில்லை என்று பதறாதீர்கள்.

பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் அமெச்சூர் உரிமம் உள்ளவர்களுக்கு ஒன்று. ரிப்பீட்டர், அதாவது நம் பேச்சை வாங்கி வேறொரு அலைவரிசையில் மறுபடி ஒலிபரப்பும் நிலையம், பேசுவது நன்றாகக் கேட்கிறது, நீங்கள் அழைத்தால் பதில் இல்லை என்றால், ஆன்டெனாவைக் குறை சொல்லும் முன் திரையில் கழித்தல் குறி இருக்கிறதா பாருங்கள். கேட்கும் அலைவரிசையைவிடக் கீழே பேசுகிறீர்கள் என்பதற்கான அடையாளம் அது. 2 மீட்டர் என்று சொல்லப்படும் அலைவரிசைப் பட்டையில் இரண்டுக்கும் வழக்கமான இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ். குறி இருந்தால், அப்புறம் டோன் சரியா என்று பார்க்கலாம்.

ஒலிபரப்புச் சக்தியை எப்போதும் 50 வாட்டிலேயே வைத்திருப்பதும் வேண்டாத வேலை. 5 வாட்டை 50 ஆக்கினால் எதிர்முனையின் சிக்னல் மீட்டர் இரண்டு படிகூட ஏறாது, ரேடியோதான் சூடாகும். எஞ்சின் ஓடாதபோது பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். ஊருக்குள் லோ, அதாவது குறைந்த சக்தி, போதும். ஆன்டெனா மாட்டாமல் மட்டும் எந்த வாட்டிலும் மைக்கை அழுத்தாதீர்கள், உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் போய்விடலாம்.

மைக்கை அழுத்திய உடனே பேசினால் முதல் சொல் வெட்டுப்படும். ஒரு மூச்சு விட்டுத் தொடங்குங்கள். பேசி முடித்ததும் மைக்கைத் தொடைக்கும் இருக்கைக்கும் நடுவே போடாமல் கொக்கியில் மாட்டுங்கள். பொத்தான் அமுங்கியே இருந்தால் சிவப்பு விளக்கு எரிந்தபடி, உங்கள் வண்டிப் பேச்சு முழுதும் ஊருக்குக் கேட்கும், சேனலில் வேறு யாரும் பேசவும் முடியாது. மெனுவில் டைம் அவுட் டைமரை 3 நிமிடத்துக்கு வைத்துவிட்டால், அதற்குமேல் ரேடியோ தானாகவே ஒலிபரப்பை நிறுத்திவிடும்.