கராத்தேயா, கீபோர்டா? சேர்க்கும் முன் ஒரு வருடக் கணக்கு

கராத்தே, பாட்டு போன்ற வகுப்புகளின் நோட்டீஸில் "மாதம் 1,000 ரூபாய்" என்று போட்டிருக்கும். அதை மட்டும் பார்த்துப் பிள்ளையைச் சேர்த்தால் நாலாவது மாதத்தில் கை கடிக்கும். கராத்தேயை எடுத்துக்கொள்வோம். மாதக் கட்டணம் வருடத்துக்கு 12,000. சீருடை 1,500. பெல்ட் டெஸ்ட் (அடுத்த நிலைக்கான தேர்வு) ஒன்றுக்கு 800 வீதம் நான்குக்கு 3,200. ஒரு போட்டிக்கு நுழைவுக் கட்டணம், பயணம் சேர்த்து 2,200. கொண்டுவிட்டுக் கூட்டிவர பெட்ரோல் மாதம் 300 என்றால் 3,600. ஆக மொத்தம் 22,500, அதாவது மாதம் 1,875. தொகை ஊருக்கு ஊர் மாறும். ஆனால் இந்த ஐந்து செலவுகளும் எங்கேயும் வரும். சேர்க்கும் அன்றே மாஸ்டரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி தனியா, தேர்வு மாதத்திலும் விடுமுறையிலும் கட்டணம் உண்டா என்பதையும் கேளுங்கள்.

அடுத்து, உங்களால் எவ்வளவு முடியும் என்று பாருங்கள். கைக்கு வரும் சம்பளம் 60,000 என்று வைப்போம். வாடகை 14,000, மளிகை, பால், கேஸ், கரண்ட் 16,000, கடன் தவணை 8,000, காப்பீடும் சேமிப்பும் 8,000, பெட்ரோல், போன், மருந்து 4,000. பள்ளிக் கட்டணம் வருடம் 60,000 என்றால் மாதம் 5,000. மீதி 5,000. அதில் பாதியைத் தொடாமல் வையுங்கள். வீட்டில் ஒரு காய்ச்சல், ஊரில் ஒரு கல்யாணம் என்று எப்படியும் தேவைப்படும். மிச்சம் 2,500, வருடத்துக்கு 30,000. எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் எல்லா வகுப்புக்கும் சேர்த்து இதுதான் உச்சவரம்பு. சேமிப்பை முதலிலேயே கழித்துவிடுவது முக்கியம். கடைசியில் கழிக்கலாம் என்று விட்டால், கல்லூரிக்கு வைக்க வேண்டிய பணம் அபாகஸுக்குப் போய்விடும்.

கராத்தே போக இதில் மிஞ்சுவது 7,500. இரண்டாவது பிள்ளை பாட்டோ ஓவியமோ கேட்டால், தனியார் வகுப்பைத் தேடும் முன் உங்கள் மாவட்டத்தில் ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்துவது. 5 முதல் 16 வயது வரை சேரலாம், கட்டணம் மிகக் குறைவு. விளையாட்டுக்கு மாவட்ட விளையாட்டு அரங்கில் கேட்டுப் பாருங்கள்.

பணம் அதிகம் வீணாவது மொத்தமாகக் கட்டுவதில்தான். "வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம்" என்பார்கள். மூன்றாம் மாதம் பிள்ளை போக மறுத்தால் அந்தப் பணம் பெரும்பாலும் திரும்பாது. முதல் மூன்று மாதம் மாதாமாதம் கட்டுங்கள், சலுகை போனாலும் பரவாயில்லை. கருவியும் அப்படித்தான்: முதலில் வாடகைக்கோ பழையதோ பாருங்கள். கீபோர்டு என்றால் 61 கட்டைகள், முழு அளவில் இருக்கட்டும். சிறிய கட்டைகள் கொண்ட பொம்மை கீபோர்டில் விரல் இடைவெளி தப்பாகப் பழகிவிடும், பிறகு மாற்றுவது கடினம். பரதத்துக்கு முதல் வருடம் பயிற்சிப் புடவை போதும். ஆண்டு விழா உடையை வாடகைக்கு எடுக்கலாம்.

அரங்கேற்றம், மாநிலப் போட்டி போன்றவை மாதக் கணக்கில் அடங்காது. மண்டபம், பக்கவாத்தியம், உடை, ஒப்பனை, சாப்பாடு என்று அரங்கேற்றச் செலவு லட்சங்களில் போகும். குருவிடம் இரண்டு வருடம் முன்பே பேசித் தனியாகச் சேர்த்து வையுங்கள். நகையை அடகு வைத்துச் செய்ய வேண்டாம். சிறிய அரங்கில், இருபது பேர் முன்னால் ஆடினாலும் அது அரங்கேற்றம்தான்.

ஆறு மாதம் கழித்து ஒரு வாரம் கவனியுங்கள். யாரும் சொல்லாமல் பிள்ளை வீட்டில் எத்தனை நாள் பயிற்சி செய்கிறது? மூன்று நாளாவது செய்தால் தொடருங்கள். ஒரு நாளும் இல்லையென்றால் உடனே நிறுத்திவிடாமல், வகுப்பு நேரமோ ஆசிரியரோ ஒத்துவரவில்லையா என்று கேளுங்கள். பள்ளி விட்டு நேரே, பசியோடு போகும் மாலை ஐந்து மணி வகுப்பைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றினாலே சில பிள்ளைகள் ஆர்வமாகப் போவார்கள்.