மாடிஃபை செய்த காரின் பானெட்டுக்குள் கழுவுவது எப்படி: வேலூர் வெயிலுக்கும் உப்புத் தண்ணிக்கும் ஏற்ற முறை

கம்பெனியில் இருந்து வந்தபடியே ஓடும் காருக்கும், பிறகு நாலு பொருள் சேர்த்த காருக்கும் பானெட்டைத் திறந்தால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. கம்பெனி போட்ட கப்ளர்களில் (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகிகள்) பெரும்பாலானவற்றுக்கு உள்ளே ரப்பர் சீல் இருக்கும். மழைத் தெறிப்பைத் தாங்கும். பின்னால் சேர்த்த ஹார்ன் ரிலே, எல்இடி விளக்கு, ஆம்பிளிஃபையர் வயர், சிஎன்ஜி கிட், இன்ஜின் சக்தியைக் கூட்ட மாட்டும் டியூனிங் பாக்ஸ் ஆகியவற்றில் பல இணைப்புகள் வயரை முறுக்கிக் கருப்பு டேப் சுற்றியவைதான். அதனால் இந்த வேலையில் பாதி நேரம் கழுவுவதற்கு முன்பே போக வேண்டும். எதை எங்கே சேர்த்திருக்கிறது என்று பார்ப்பதும் அதை மூடுவதும்தான் வேலை. கழுவுவது அதன் வால்.

முதல் முறை செய்பவருக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். தண்ணீர் மொத்தமே 5 லிட்டர் போதும்.

வாட்டர் சர்வீஸில் கொடுத்தால் என்ன?

கொடுக்கலாம், பானெட்டைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு. அங்கே இருக்கும் பிரஷர் கன், சேற்றுச் சக்கரத்துக்கு நல்லது. கப்ளர் சீலுக்கு நல்லதல்ல. தெறிப்பைத் தாங்கும் சீல், ஒரு சாண் தூரத்தில் இருந்து பாயும் தண்ணீரைத் தாங்கும் என்று அர்த்தமில்லை. இன்னொரு வழக்கம் டீசலோ மண்ணெண்ணெயோ அடித்துக் கழுவுவது. கண்ணுக்குப் பளபளவென்று இருக்கும். ஆனால் கூலன்ட் ஹோஸ் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும். நீங்கள் காசு கொடுத்து மாட்டிய கலர் சிலிக்கான் ஹோஸுக்கும் எண்ணெய் ஆகாது. ஹெட்டர், அதாவது இன்ஜினில் இருந்து புகை வெளியேறும் முதல் குழாய், சூடாகும்போது மிச்சமிருக்கும் டீசல் புகையும், சில சமயம் பற்றவும் செய்யும்.

எப்போது செய்வது

காலை 6 மணி. முந்தின இரவே காரை நிழலில் நிறுத்திவிட வேண்டும். மே மாதம் வேலூரில் 40 டிகிரி தாண்டும். கத்திரி வெயிலில் நிற்கும் கார், ஓட்டாவிட்டாலும் உள்ளே கை வைக்க முடியாது. சூடான அலுமினியத்தில் டிகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் திரவம்) பட்டால் வேலை செய்வதற்கு முன்பே காய்ந்து கறை பிடிக்கும். சூடான டர்போ மேலும் ஹெட்டர் மேலும் குளிர்ந்த தண்ணீர் விழுந்தால் வார்ப்பு உலோகம் விரிசல் விடலாம். ஓட்டி வந்தபின் செய்வதாக இருந்தால் டர்போ காருக்கு 3 மணி நேரமாவது விடுங்கள். காலையில் தொடங்குவதில் ஒரு லாபமும் உண்டு: கழுவி முடிக்கும்போது ஏறும் வெயிலே காயவைக்கும் வேலையில் பாதியைப் பார்த்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் இந்த வேலையை எடுக்காதீர்கள்.

தண்ணீர் விஷயம்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் பல வீடுகளில் வருவது உப்புப் போர் தண்ணி. பக்கெட்டில் படியும் அதே வெள்ளைப் படலம், டர்போ காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் பைப்பிலும் கப்ளர் முனையிலும் படியும். பார்வைக்கு அசிங்கம் என்பதோடு போகாது. உப்பு கலந்த ஈரம் மின்சாரத்தைக் கடத்தும், செம்பு வயரைப் பச்சை பூக்க வைக்கும். அதனால் கடைசித் துடைப்புக்காவது உப்பில்லாத தண்ணீர் வேண்டும். பேட்டரிக் கடையில் கேனில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கலாம். காசு செலவழிக்க மனமில்லையா, வீட்டு ஏசியின் வெளிக்குழாயில் சொட்டும் தண்ணீரைப் பிடியுங்கள். அது காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது, உப்பு கிடையாது. துணியில் வடிகட்டி வைத்தால் இரண்டு மூன்று நாளில் தேவையானது சேர்ந்துவிடும்.

கையில் இருக்க வேண்டியவை

10 எம்எம் ஸ்பேனர், ஒரு அங்குலம் மற்றும் இரண்டு அங்குலப் பெயின்ட் பிரஷ், பழைய டூத் பிரஷ் இரண்டு, மைக்ரோஃபைபர் துணி எட்டு, அரை லிட்டர் ஸ்பிரே பாட்டில் மூன்று, கேரி பேக், ரப்பர் பேண்ட், அலுமினியம் ஃபாயில், கையால் பிடிக்கும் பிளோயர், நைட்ரைல் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. பெயின்ட் பிரஷ்ஷின் தகரப் பட்டை மேல் டேப் சுற்றிவிடுங்கள், பெயின்ட் கீறாது. பேட்டரி முனைகளுக்கு நடுவே உரசிப் பொறி பறக்கவும் பறக்காது. வயலுக்கு மருந்து அடித்த ஸ்பிரேயரை எடுக்க வேண்டாம், எத்தனை முறை கழுவினாலும்.

மூன்று பாட்டிலில் ஒன்றில் டிகிரீசர். வாங்கும்போது நீர் அடிப்படையிலான, மென்மையான வகையா என்று பாருங்கள். கலக்கும் விகிதம் பாட்டிலில் எழுதியிருப்பதுதான் முதல். நீர்த்துப் பயன்படுத்தும் சாதாரணக் கிளீனராக இருந்தால் 450 மில்லி தண்ணீருக்கு 45 மில்லி என்று தொடங்கலாம். இரண்டாவதில் அதே அளவு தண்ணீரில் 5 மில்லி கார் ஷாம்பு. மூன்றாவதில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்.

படி 1: படம் எடுங்கள், பிறகு தேடுங்கள்

மேலிருந்து, இடமிருந்து, வலமிருந்து ஆறேழு படம். பிறகு பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் தொடங்கி, கூடுதலாகப் போகும் ஒவ்வொரு வயரையும் விரலால் பின்தொடருங்கள். ஆம்பிளிஃபையர் வயரில் பேட்டரியை ஒட்டி ஒரு ஃபியூஸ் ஹோல்டர் இருக்கும். அதன் மூடி பெரும்பாலும் நீர் புகாததல்ல. ஹெட்லைட் பின்புறம் பாருங்கள்: எல்இடி அல்லது எச்ஐடி மாட்டும்போது ரப்பர் மூடியை வெட்டி, வயர் போன ஓட்டையை அப்படியே விட்டிருப்பார்கள். அதன் வழியே தண்ணீர் போனால் விளக்குக்குள் ஆவி படிந்து மாதக்கணக்கில் போகாது.

டேப் சுற்றிய இணைப்பு ஒவ்வொன்றையும் எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். புதியவர்கள் ஏமாறும் இடம் இதுதான். டேப்புக்குள் தண்ணீர் போனால் கார் அன்றைக்கே நிற்காது. முறுக்கிய செம்பு இழைகள் திரி எண்ணெயை இழுப்பது போல ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். சில வாரங்கள் கழித்து ஹார்ன் ஒரு நாள் அடிக்கும், ஒரு நாள் அடிக்காது. அப்போது கழுவியது யாருக்கும் நினைவில் இருக்காது.

படி 2: பேட்டரியைக் கழற்றுங்கள்

சாவியை எடுத்து ஐந்து நிமிடம் கழித்து, நெகட்டிவ் முனையை மட்டும் கழற்றினால் போதும். பாசிட்டிவை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்டாலே ஷார்ட். சாவி இல்லாமலே ரேடியேட்டர் ஃபேன் சுற்றும் கார்கள் உண்டு. விரலுக்காகவும் இது தேவை. ஆரஞ்சு நிறத் தடித்த கேபிள் தெரிந்தால் அது ஹைபிரிட். அந்தப் பக்கம் துணியைக்கூடக் கொண்டுபோக வேண்டாம். சிஎன்ஜி கிட் இருந்தால் சிலிண்டர் வால்வை மூடுங்கள். கேஸ் வாடை லேசாக வந்தாலும் அன்றைக்குக் கழுவும் வேலை இல்லை, கிட் போட்டவரைக் கூப்பிடும் வேலைதான்.

முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், ஒரு டேபிள் ஸ்பூன் ஆப்ப சோடாவை ஒரு டம்ளர் வெந்நீரில் கரைத்து டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். நுரை அடங்கியதும் துடைத்துவிடுங்கள். பேட்டரி மூடித் துளைக்குள் அது இறங்கக் கூடாது.

படி 3: மூடுங்கள், எண்ணுங்கள்

திறந்த கூம்பு ஏர் ஃபில்டர் இருந்தால் கழற்றி ஓரமாக வையுங்கள். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரில் டிகிரீசர் பட்டால் அந்த எண்ணெய் கரைந்துவிடும், பிறகு அது தூசியைப் பிடிக்காது. அதை அதற்குரிய கிட்டில் தனியாகத்தான் கழுவ வேண்டும். ஃபில்டர் எடுத்த குழாய் வாயைக் கேரி பேக்கால் மூடி ரப்பர் பேண்ட் போடுங்கள். தண்ணீர் அமுங்காது. அது சிலிண்டருக்குள் போய் பிஸ்டன் மேலே வந்தால் வளைவது கனெக்டிங் ராடு.

அடுத்து ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்), டியூனிங் பாக்ஸ், எச்ஐடி விளக்குக்கு மின்சாரம் தரும் பாலாஸ்ட் பெட்டி, ரிலேக்கள், இக்னிஷன் காயில், எழுதி வைத்த டேப் இணைப்புகள் எல்லாவற்றுக்கும் கேரி பேக் அல்லது ஃபாயில். பிரேக் ஆயில் டப்பா மூடி, டிப்ஸ்டிக், ஆயில் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் ஆவியில் வரும் எண்ணெயைப் பிடிக்கும் கேட்ச் கேன் இருந்தால் முதலில் காலி செய்து, மேலே உள்ள குட்டி ஃபில்டரை மூடுங்கள். ஹெட்டரில் துணிப் பட்டை சுற்றியிருந்தால் அது பஞ்சு மாதிரி உறிஞ்சும். முழுக்க ஃபாயிலால் போர்த்துங்கள்.

எத்தனை மூடி போட்டீர்கள் என்று எண்ணி, அந்த எண்ணை விண்ட்ஷீல்டில் ஒட்டிவிடுங்கள். 14 போட்டு 13 எடுத்தால், அந்த ஒன்று பெல்ட்டிலோ டர்போ வாயிலோதான் போய்ச் சேரும்.

படி 4: காய்ந்த தூசி முதலில்

வைப்பருக்குக் கீழே உள்ள தட்டில் வேப்பிலையும் புளிய இலையும் மக்கிக் கிடக்கும். கையால் அள்ளுங்கள், வடிகால் ஓட்டை அடைத்திருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். பிளோயரால் மேலிருந்து கீழே ஊதுங்கள், பெரிய பிரஷ்ஷால் தட்டுங்கள். குவாரி லாரி ஓடும் சாலைத் தூசி பெரும்பகுதி இதிலேயே போய்விடும். ஸ்பார்க் பிளக் குழியைச் சுற்றி மணல் இருந்தால் இப்போதே ஊதி எடுப்பது முக்கியம். எலி, அணில் கூடு கட்டியிருந்தால் கையுறையோடு எடுத்து, பக்கத்து வயர்களில் பல் பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 5: பிரஷ்ஷும் துணியும்

தரையில் பழைய சாக்கு விரித்து அதன் மேல் மரத்தூள் கொட்டுங்கள். ஒழுகும் எண்ணெய்க் கழிவு சாக்கடைக்குப் போகக் கூடாது. தோல் கழிவால் பாலாறு பட்ட பாடு 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. நம் பங்கைச் சேர்க்க வேண்டாம்.

கைக்குட்டை அளவு இடமாகச் செய்யுங்கள். டிகிரீசரைப் பொருளின் மேல் நேராக அடிப்பதைவிடப் பிரஷ்ஷில் அடித்துத் தேய்ப்பது நல்லது. மூன்று நிமிடம் விட்டு, காய்வதற்குள், டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு முறை துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு அதிகமான கீழ்ப்பகுதியில் மட்டும் ஸ்பிரே பாட்டிலால் லேசாகத் தெளித்துக் கழுவலாம்.

பாலிஷ் செய்த ஸ்ட்ரட் பார் (இரு பக்க சஸ்பென்ஷனை இணைக்கும் குறுக்குக் கம்பி), அலுமினியம் பைப், சிவப்பு நீலக் கலர் ஏற்றிய ஃபிட்டிங் ஆகியவற்றுக்கு ஷாம்பு பாட்டில் மட்டும். காரம் மிகுந்த டிகிரீசர் அலுமினியத்தை வெளிறச் செய்யும், கலரையும் தின்னும். அது திரும்பாது. இன்டர்கூலர், ரேடியேட்டர் தகடுகளில் பிரஷ்ஷைத் தகட்டின் போக்கிலேயே இழுங்கள். குறுக்கே இழுத்தால் வளைந்து காற்று அடைபடும். பெல்ட்டைத் தொட வேண்டாம்.

தேய்க்கும்போதே ஹோஸ் கிளாம்ப் ஒவ்வொன்றையும் அசைத்துப் பாருங்கள். டர்போ பைப் மூட்டில் லேசான எண்ணெய்ப் பிசுக்கு சாதாரணம், சொட்டினால் சாதாரணமில்லை.

படி 6: காயவைத்தல்

காய்ந்த துணி, பிறகு 15 நிமிடம் பிளோயர். கப்ளர் இடுக்கு, காயில் சுற்றுப்புறம், போல்ட் குழி. மூடிகளை எண்ணி எடுங்கள். ஃபில்டரை மாட்டி, பானெட்டைத் திறந்தபடியே ஒரு மணி நேரம் விட்டு, பிறகு பேட்டரியை இணையுங்கள். ஸ்டார்ட் செய்து 10 நிமிடம் ஐடிலில் விடுங்கள்.

பேட்டரி கழற்றியதால் முதலில் ஐடில் கொஞ்சம் ஏறி இறங்கலாம், ஓட்டினால் சரியாகும். பெல்ட் கிறீச்சிட்டு ஓரிரு நிமிடத்தில் நின்றால் தண்ணீர். நிற்காவிட்டால் டிகிரீசர் பட்டிருக்கிறது. இன்ஜின் உதறி, ஸ்கேனரில் பி0300 (சிலிண்டர்களில் எரிதல் தவறுவதைக் காட்டும் கோடு) காட்டினால் ஸ்பார்க் பிளக் குழியில் ஈரம் இருக்கலாம். திரும்பத் திரும்ப ஸ்டார்ட் அடிக்காமல் அணைத்து, காயிலைத் தூக்கி ஊதிக் காயவையுங்கள். ஹெட்டரில் மெல்லிய ஆவி வந்து அடங்கினால் பயமில்லை. எண்ணெய் வாடையோடு புகை என்றால் உடனே அணைத்துவிடுங்கள்.

பிளாஸ்டிக்குக்கு மினுமினுப்பு வேண்டுமென்றால் நீர் அடிப்படையிலான டிரஸ்ஸிங்கைத் துணியில் எடுத்துத் தடவுங்கள். எண்ணெய் வழியும் ஸ்பிரே வேண்டாம். ஒரே நாளில் தூசியைப் பிடித்துக்கொண்டு பழையபடி ஆகிவிடும்.

மறுநாள் காலை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, கீழே ஒரு அட்டையை விரித்து வைத்திருந்தீர்களானால் அதைப் பாருங்கள். இதுவரை அழுக்கு அடைத்து வைத்திருந்த கசிவு ஏதாவது இருந்தால் இப்போது சொட்டாகத் தெரியும். டேப் சுற்றிய இணைப்புகளின் பட்டியல் கையில் இருக்கிறதே, அதை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டி, ஒவ்வொன்றையும் சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு காட்டினால் சுருங்கி வயரை இறுக்கும் உறை) போடச் சொல்லுங்கள். மாதம் ஒரு முறை பிளோயரும் காய்ந்த பிரஷ்ஷும் போதும். ஈரம் வைத்துக் கழுவுவது மாசியில் ஒன்று, ஆவணியில் ஒன்று.