ஊர்க் கிணறும் நகரத்தடிச் சூடும்: நிலவெப்பக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிணற்றோடு நிலம் வாங்க வருகிறவர் "தண்ணி எவ்வளவு நிக்குது?" என்பதோடு நிறுத்த மாட்டார். "இறைச்சா எவ்வளவு நேரத்துல ஊறும்?" என்றும் கேட்பார். ஐரோப்பிய நகரங்களில் மண்ணின் வெப்பத்தை எடுத்து வீடுகளைச் சூடாக்கத் திட்டம் போடுகிறவர்கள் பலமுறை கோட்டை விடுவது இந்த இரண்டாவது கேள்வியில்தான்.

எரிமலையோரத்து வெந்நீரைப் பற்றிய பேச்சல்ல இது. 400 மீட்டருக்கு உட்பட்ட ஆழத்தில், நம் ஊரில் போர் போடுவதுபோலத் துளையிட்டு, குழாயில் திரவத்தைச் சுற்றவிட்டு, பத்துப் பன்னிரண்டு டிகிரி மண்ணிலிருந்து எடுக்கும் சூட்டை ஹீட் பம்ப் (ஃப்ரிட்ஜைப் போல மின்சாரத்தால் சூட்டை இடம் மாற்றும் இயந்திரம்) மூலம் உயர்த்திக்கொள்வது.

ஜெர்மனியின் கொலோன் நகரத்தை எடுத்துக்கொள்வோம். கட்டடங்களும் தார்ச்சாலைகளும் கசியவிடும் வெப்பத்தால் அங்கே நிலத்தடி நீர் புறநகரைவிடச் சில டிகிரி சூடானது. அந்த நகரத்துக்கு அடியில் எடுக்கக்கூடிய வெப்பம், வீடுகளின் ஓராண்டு வெப்பத் தேவையைப் போலக் குறைந்தது 2.5 மடங்கு என்று 2010-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. இதைப் படித்ததும் "தேவைக்கு மேலேயே இருக்கிறதே" என்று தோன்றும். அது நிற்கும் தண்ணீரின் அளவு. ஆண்டுதோறும் ஊறும் அளவு அல்ல.

ஊறுவது எவ்வளவு? பூமியின் ஆழத்திலிருந்து மேலே வரும் வெப்பம் சதுர மீட்டருக்குச் சுமார் 0.065 வாட். 400 சதுர மீட்டர் மனைக்கு 26 வாட், ஒரு சின்ன பல்பு எரியும். மீதியெல்லாம் மேற்பரப்பிலிருந்து இறங்குவதும், பக்கத்து மண்ணிலிருந்தும் ஓடும் நிலத்தடி நீரிலிருந்தும் வருவதும்தான். அந்த மனையில் வீட்டுக்கு ஆண்டுக்கு 20,000 யூனிட் வெப்பம் தேவை என்று வையுங்கள். ஹீட் பம்ப் 5,000 யூனிட் மின்சாரம் தின்றால் மண் தர வேண்டியது 15,000. துளை 150 மீட்டர் ஆழம் என்றால், மனைக்கடியில் உள்ள பாறை முழுவதும் ஒரு டிகிரி குளிர்ந்தால் கிடைப்பது சுமார் 36,700 யூனிட். அதாவது, ஊறல் இல்லையென்றால் ஆண்டுக்கு 0.4 டிகிரி இறங்கும். ஒரே ஒரு வீடு என்றால் சுற்றியுள்ள மண் ஈடுகட்டிவிடும். தெரு முழுக்கத் துளை போட்டால் ஈடுகட்ட யார் இருக்கிறார்கள்? இதனால்தான் துளைகள் நெருங்கிவிட்ட, சுவிட்சர்லாந்தின் சூரிச் போன்ற இடங்களில், கோடை வெப்பத்தை மண்ணுக்குள் திருப்பி அனுப்புவது பேச்சாகியிருக்கிறது. பக்கத்து வீட்டுத் துளையைக் கணக்கில் சேர்க்காத மதிப்பீட்டை நான் நம்புவதில்லை.

அடுத்த தவறு சின்னது, ஆனால் அடிக்கடி நடப்பது. 10 கிலோவாட் ஹீட் பம்ப்புக்கு மண்ணும் 10 கிலோவாட் தர வேண்டும் என்று எழுதிவிடுவார்கள். நாலில் ஒரு பங்கு மின்சாரம் என்றால் மண்ணின் பங்கு 7.5 மட்டுமே. மீட்டருக்கு 50 வாட் என்று எடுத்தால் துளை 200 மீட்டர் வேண்டாம், 150 போதும்.

அந்த 50 வாட்டே ஒரு வாய்ப்பாட்டு எண்தான். ஈர மணல் காய்ந்த மணலைவிட ஐந்தாறு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே நிலத்தடி நீர்மட்டம் தெரியாமல் நகரம் முழுக்க ஒரே எண்ணைப் பூசக் கூடாது. பெரிய கட்டடம் என்றால் சோதனைத் துளை போட்டு, இரண்டு மூன்று நாள் வெப்பம் செலுத்தி, மண் என்ன சொல்கிறது என்று பார்ப்பார்கள்.

வீட்டுக்குள்ளும் பாருங்கள். அறையைச் சூடாக்க வீட்டுத் தரைக்குள் பதித்த குழாய்க்கு 35 டிகிரி தண்ணீர் போதும். சுவரோரம் நிற்கும் பழைய ரேடியேட்டர் 60-க்கு மேல் கேட்டால் மின்சாரப் பங்கு ஏறிவிடும். எல்லா வீட்டிலும் ஹீட் பம்ப் ஒரே திறனில் ஓடும் என்று வைத்துப் போட்ட நகர வரைபடம் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

வெப்பத்தை மட்டும் பார்த்து, அடியில் என்ன அடுக்கு இருக்கிறது என்று பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியின் ஸ்டௌஃபன் சிற்றூர் சாட்சி. 2007-ல் நகர்மன்றக் கட்டடத்தைச் சூடாக்க, 140 மீட்டர் ஆழம் வரை ஏழு துளைகள் போட்டார்கள். நிலத்தடி நீர் அன்ஹைட்ரைட் என்ற கனிம அடுக்குக்குள் புகுந்தது. அது ஜிப்சமாக மாறி ஊதிப் பெருத்தது. பழைய நகரமே மேலெழும்பி, 250-க்கும் அதிகமான கட்டடங்களில் விரிசல் விழுந்தது. நகர்மன்றமும் தப்பவில்லை. வீக்கத்தை மட்டுப்படுத்த, அங்கே கிணறு தோண்டி ஆண்டுக்கணக்கில் நீரை இறைக்க வேண்டியதாயிற்று.